பாலைவனப் பெண்களின் பழைய புகைப்படங்கள்: எதை நம்புவது?

ஷார்ஜாவிலிருந்து ஒரு படத்தை அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் வந்ததாம். இளம்பெண் ஒருத்தி. காதோரம் இரண்டு பக்கமும் கனத்த பின்னல், நெற்றியிலும் கழுத்திலும் வரிசை வரிசையாகக் காசுகள், தோளில் மண்குடம், பின்னால் மங்கலாக ஒரு பேரீச்சை மரம். கீழே "அரேபியப் பாலைவனப் பெண், 1910" என்று எழுதியிருக்கிறது. இது நிஜமா, அந்தக் காலத்தில் பாலைவனத்துப் பெண்கள் இப்படித்தான் இருந்தார்களா, நிஜமான படங்களை எங்கே பார்க்கலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

படம் நிஜமாகவே பழையதுதான். ஆண்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும். அந்த "அரேபியா"வும் "பாலைவனப் பெண்"ணும்தான் இடிக்கின்றன.

முதலில் குடம். வீட்டையே ஒட்டகத்தின் முதுகில் கட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடி இடம் மாறுகிறவர்கள் மண்குடம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், முதல் பயணத்திலேயே உடைந்துவிடும். பாலைவன நாடோடிகளான பதூ மக்களின் பெண்கள் (நீங்கள் அங்கே இந்தச் சொல்லைத்தான் கேட்டிருப்பீர்கள்) தண்ணீர் சுமந்தது ஆட்டுத்தோல் பையில். அரபியில் கிர்பா. பழைய பைபிள் தமிழில் "துருத்தி" என்று வருமே, அதுதான். மண்குடம் ஊர்க்காரியுடையது. பக்கத்தில் ஊற்றோ கிணறோ இருந்து, சுவரும் கூரையும் உள்ள வீட்டில் குடியிருப்பவள்தான் குடம் எடுப்பாள். அவளும் வெறுங்குடத்தைத் தலையில் சாய்த்துப் படுக்கவைத்துக்கொண்டு போவாள், நிறைந்த பிறகுதான் நிமிர்த்துவாள். பாலஸ்தீனத்துப் பழைய படங்களில் ஊற்றுக்குப் போகிறவள் யார், திரும்புகிறவள் யார் என்பதை இதை வைத்தே பிரித்துவிடலாம். உங்கள் படத்துப் பெண்ணோ நிமிர்ந்த குடத்தை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு சிரிக்கிறாள். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அடுத்தது காசு. அரபுப் பெண்களும் காசு அணிந்தார்கள். சினாய்ப் பக்கம் முகத்திரையிலேயே நாணயங்களைத் தைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்தப் பின்னலும் இந்த அளவுக்குக் காசும் சேர்ந்து வந்தால் நினைவுக்கு வருவது அல்ஜீரியா. சஹாராவின் வடக்கு விளிம்பில், மலைப்பாங்கான பகுதியில் உலெத் நாயில் என்ற குலத்தார் வாழ்ந்தார்கள். அவர்களில் சில பெண்கள் இளம் வயதில் பிஸ்க்ரா, பூ சாதா போன்ற சோலை ஊர்களுக்கு வந்து ஆடிச் சம்பாதிப்பார்கள். சம்பாத்தியத்தை நகையாகக் கோத்து உடம்பிலேயே போட்டுக்கொள்வார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொள்வது வழக்கம் என்று அந்தக் காலத்துப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1844-ல் பிஸ்க்ராவைப் பிடித்தார்கள், 1888-ல் ரயில் வந்தது. பின்னாலேயே சுற்றுலாப் பயணிகளும் படக்காரர்களும் வந்தார்கள். அந்த ஆட்டமே கடைச்சரக்காகிப் போனது. அதிகாரிகள் அந்தப் பெண்களைப் பாலியல் தொழில் பதிவேட்டில் ஏற்றினார்கள். உங்கள் படம் இந்தச் சந்தைக்காக எடுத்த தபால் அட்டைகளில் ஒன்றாக இருக்கும் என்பது என் கணிப்பு. அரேபியா அங்கிருந்து சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்தத் தபால் அட்டை வியாபாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் "பழைய பாலைவன அழகி" என்று சுற்றுகிற படங்களில் பெரும்பகுதி இந்த ஊற்றிலிருந்து வருவதுதான்.

ருடால்ஃப் லேனர்ட், எர்ன்ஸ்ட் லாண்ட்ராக் என்று இருவர். முன்னவர் பொஹீமியாக்காரர், பின்னவர் ஜெர்மனியின் சாக்ஸனிக்காரர். 1904-ல் துனிசியாவின் தூனிஸ் நகரத்தில் படக் கடை போட்டார்கள். லேனர்ட் படம் எடுப்பார், லாண்ட்ராக் கணக்கும் வியாபாரமும் பார்ப்பார். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1924-ல், கடை கெய்ரோவுக்குப் போனது. கெய்ரோவில் அந்தப் பெயரில் ஒரு புத்தகக் கடை வெகுகாலம் நடந்தது. மறந்துபோயிருந்த கண்ணாடித் தகடுகள் 1980-களில் அந்தக் கடையில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. லேனர்டின் மணல்மேட்டுப் படங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மூச்சு ஒரு கணம் நிற்கும். மணலின் நெளிவை அவ்வளவு பொறுமையாக எடுத்தவர்கள் குறைவு. அதே மனிதர் பெண்களை எடுத்த படங்களில் பலவும் எனக்கு உறுத்துகின்றன. அரை உடையில், ஜன்னலோரம், தூணில் சாய்ந்து. சிலர் சிறுமிகள். தன் வீட்டில் அந்த ஊர்ப் பெண் அப்படி உட்கார்ந்து ஒரு அந்நிய ஆணுக்குப் படம் கொடுத்திருக்க வழியே இல்லை. வறுமையாலோ தொழிலாலோ கூலிக்கு வந்தவர்கள்தான் அவர்கள். அந்த அட்டைகள் ஐரோப்பாவுக்குப் போயின, "கிழக்கத்திய அந்தப்புரம்" என்ற கற்பனைக்குத் தீனி போட்டன.

அல்ஜீரிய எழுத்தாளர் மாலெக் அலூலா 1981-ல் இப்படிப்பட்ட அட்டைகளைச் சேர்த்து ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஓரிடம் மறக்காது. மூன்று அட்டைகள். ஒன்றில் "இளம் பதூ பெண்", இன்னொன்றில் "தெற்கத்திப் பெண்", மூன்றாவதில் "கபீல் பெண்" என்று அச்சடித்திருக்கிறது. மூன்றிலும் இருப்பது ஒரே பெண், ஒரே உடை, ஒரே நகை. எடுத்தவரும் ஒருவரே. பாலைவனத்துக்காரி, தெற்கத்திக்காரி, மலைக்காரி எல்லாம் ஒரே மதியத்தில் தயார்! பெய்ரூத்தில் 1867-ல் தொடங்கிய பாங்ஃபிஸ் குடும்பத்து ஸ்டூடியோவும் "வகைகள்" என்ற பெயரில் இதே போல நிறைய விற்றது. அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஃபெலிக்ஸ் பாங்ஃபிஸின் மனைவி லிதியும் கேமரா பிடித்தவர், பெண்களின் படங்களில் பலவற்றை அவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். கணவர் 1885-ல் இறந்த பிறகும் கடையைப் பல வருடம் நடத்தினார். பெண் எடுத்ததால் படம் உண்மையாகிவிடாது. சித்திரத் திரையும் இரவல் நகையும் அங்கேயும் இருந்தன.

சரி, ஸ்டூடியோவை விட்டு வெளியே வருவோம். வெளியில் எடுத்த படமும் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்மையானது கிடையாது. இதில் மனிதர்களின் குற்றத்தைவிட ரசாயனத்தின் குற்றம் அதிகம்.

1851-க்குப் பிறகு முப்பது வருடம்போல ஆண்டது ஈரத் தகடு முறை. கண்ணாடியில் கலவையைப் பூசி, அது காயும் முன்னே படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். பாலைவன வெயிலில் அதுவும் கிடையாது. 1850-களில் எகிப்தில் படம் எடுத்த ஃபிரான்சிஸ் ஃப்ரித், தன் இருட்டுக் கூடாரத்துக்குள் கலவை கொதிக்கவே ஆரம்பித்துவிட்டது என்று புலம்பியிருக்கிறார். அதனால் அந்தக் காலப் படங்களில் கோயிலும் தூணும்தான் அதிகம், அவை அசையாமல் நிற்கும். மாவு பிசைகிற பெண் நிற்பாளா? முன்கூட்டியே பூசிக் காயவைத்த உலர் தகடுகள் வந்த பிறகுதான், அதாவது 1880-களிலிருந்துதான், பெண்களின் வேலை படத்துக்குள் வர ஆரம்பித்தது.

அதற்கப்புறமும் நிறத்தில் ஒரு சிக்கல். பழைய தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் பாருங்கள், நெகேவ் பாலைவனத்துப் பதூ பெண்களின் கறுப்பு அங்கியில் தையல் வேலைப்பாட்டின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் நீல நூல், கல்யாணமானவளுக்குச் சிவப்பு. பழைய தகட்டில் கன்னிப்பெண்ணின் நீல வேலைப்பாடு வெளிறிப் பளிச்சென்று தெரியும். கல்யாணமானவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்த சிவப்புப் பூக்கள் கறுப்புத் துணியோடு கறுப்பாகக் கலந்து, வெறும் கந்தல் அங்கி போட்டவள் மாதிரி நிற்பாள். "ஏழைப் பதூ பெண்" என்று கீழே எழுதியும் வைத்துவிடுவார்கள். பச்சை குத்தியதும் அப்படித்தான். பதூ பெண்களின் தாடையிலும் உதட்டோரத்திலும் நீலப்பச்சைக் குறிகள் இருக்கும். நம்மூரில் குறத்தி வந்து பச்சை குத்துவது போல, அங்கே நவர் என்ற நாடோடிப் பெண்கள் வந்து குத்துவார்கள். தகட்டில் அந்தக் குறிகள் மங்கி, சில சமயம் காணாமலே போய்விடும். எல்லா நிறமும் ஓரளவு பதிகிற தகடுகள் பரவலானது 1920-களை ஒட்டித்தான்.

இன்றைக்கு இதற்கு மேல் ஒரு அடுக்கு சேர்ந்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருளை வைத்து நிறம் பூசிச் சுற்றுக்கு விடுகிறார்கள். தகட்டில் கறுப்பாக விழுந்த சிவப்பை மென்பொருளும் கறுப்பாகவே விட்டுவிடும். அவுரியில் முக்கிய கருநீலத் துணியைப் பழுப்பாக்கும். நிறம் போட்ட படத்தை வைத்து உடை பற்றி எதுவும் பேசாதீர்கள்.

இன்னொன்று, வெளிச்சம். பதூ கூடாரம் கறுப்பு ஆட்டுமயிரால் நெய்தது, உள்ளே பகலிலும் மங்கல்தான். கூடாரத்தை நடுவில் ஒரு நெய்த திரையால் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பக்கம் ஆண்களும் விருந்தாளியும் காபிக் கெண்டியும். மறுபக்கம் பெண்கள், குழந்தைகள், சமையல், தானியம், படுக்கை எல்லாம். அந்த இரண்டாவது பக்கத்துக்குப் படக்காரனுக்கு அனுமதியும் இல்லை, அவன் தகட்டுக்கு வெளிச்சமும் இல்லை. அதனால்தான் நாம் பார்க்கிற எல்லாப் பெண்களும் வெளியில், வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். பிரசவம், பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது, பெண்கள் கூடிச் சிரிப்பது, சண்டை, கதை என்று வாழ்க்கையில் பாதி அந்தத் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, எதைப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டாமா? முதலில் போகச் சொல்வது ஜெருசலேமின் அமெரிக்கன் காலனி தொகுப்புக்கு. 1881-ல் ஜெருசலேமில் குடியேறிய ஒரு கிறிஸ்தவக் குழுவினர் 1898 வாக்கில் புகைப்படப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார்கள். யாத்திரிகர்களுக்குப் படம் விற்பதுதான் நோக்கம். பின்னாளில் அதை நடத்திய எரிக் மேட்சன் சிறுவனாக ஸ்வீடனிலிருந்து வந்தவர். 1946-ல் மனைவி எடித்தோடு அமெரிக்காவுக்குப் போனார். 1966-ல் தொகுப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். இன்றைக்கு வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல், பெரிய அளவில் பார்க்கலாம்.

இவர்களும் வியாபாரிகள்தான், ஆனால் வாங்க வந்தவன் வேறு. பிஸ்க்ராவுக்குப் போனவன் அழகியைத் தேடினான். ஜெருசலேமுக்கு வந்தவன் பைபிளைத் தேடினான். "இரண்டு ஸ்திரீகள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள்" என்ற மத்தேயு வசனத்துக்கு அவனுக்கு ஒரு படம் வேண்டும். உடனே திருகைக்கு இரு பக்கமும் இரண்டு பெண்களை உட்காரவைத்து, ஒரே கைப்பிடியை இருவரும் பிடித்திருக்க, எடுத்தார்கள். சாராளின் கூடாரம், கிணற்றடியில் ரெபெக்காள் என்று வரிசையாக உண்டு. இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பெண்ணை "மாறாத பைபிள் காலம்" என்று சொல்லி மூவாயிரம் வருடம் பின்னுக்குத் தள்ளுவதும் ஒரு பொய்தான். ஆனாலும் இந்தப் பொய்யில் நமக்கு லாபம் இருக்கிறது. வசனத்துக்குப் பொருத்தமாக வேண்டுமானால் வேலையைச் சரியாக எடுக்க வேண்டும். திருகை நிஜத் திருகை. அரைக்கிறவளின் முன்னங்கை நரம்பு நிஜ நரம்பு. தலைப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள், ஒரு முழு வேலை நாளும் அங்கே கிடக்கிறது.

ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றி, மூன்று கம்பு நட்டு அதில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டி வெண்ணெய் எடுக்கிறாள் ஒருத்தி. நாம் மத்தால் கடைவதை அவள் ஆட்டியே முடிக்கிறாள். இன்னொருத்தி தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டது போன்ற குவிந்த இரும்புத் தகட்டில் துணி மாதிரி மெல்லிய ரொட்டியை விரிக்கிறாள். அந்தத் தகடு சாஜ், உங்கள் ஊர் ஹோட்டல்களில் இன்றும் பார்க்கலாம். கூடாரம் அடிக்கிற படங்களைக் கவனியுங்கள். கம்பு நடுவதும் கயிறு இழுப்பதும் பெண்கள். கூடாரம் நெய்வது, அடிப்பது, பிரிப்பது, ஒட்டகத்தில் ஏற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆண்கள் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் படத்துக்கு வெளியில் இருப்பார்கள். பல அரபுக் குலங்களில் ஒட்டகத்தில் பால் கறப்பது மட்டும் ஆண்களின் உரிமை, பெண்கள் ஆடுகளைக் கறப்பார்கள். அதனால் அரபுப் பெண் ஒட்டகத்தடியில் பாத்திரத்தோடு நிற்கிற படம் வந்தால் நான் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்ப்பேன்.

ஜோர்தானின் சால்ட் ஊர்ப் பெண்களின் உடை இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒன்று. ஆளின் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமுள்ள கறுப்பு அங்கி. அதை இடுப்பில் கட்டி மடித்துத் தொங்கவிடுவார்கள். அங்கியின் தரை தொடும் கைகளில் ஒன்றை எடுத்துத் தலையில் போட்டு, மேலே பட்டை கட்டிக்கொள்வார்கள். அழகுக்கு இவ்வளவு துணியா என்று தோன்றும். மடிப்பு பையாகிறது, கை முக்காடாகிறது, துணி மிகுதி குடும்பத்தின் வசதியைக் காட்டுகிறது. இதெல்லாம் ஸ்டூடியோ அட்டையில் கிடைக்குமா?

அரேபியாவின் உட்பகுதிக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே யார் கேமரா வைத்திருந்தார் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பிரிட்டிஷ் பயணி வில்ஃபிரெட் தெசிகர் 1940-களின் பிற்பாதியில் தெற்கு அரேபியாவின் பெரும் மணல் பாலைவனமான ரூப் அல் காலியைக் கடந்தவர். அவர் வாழ்நாளில் எடுத்த 38,000 நெகட்டிவ்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாலைவன ஆண்களை இவ்வளவு நெருக்கமாக எடுத்தவர் வேறு யாரும் இல்லை என்றே சொல்வேன். அவருடைய அரேபியப் படங்களில் பெண்கள் மிகக் குறைவு. இதைப் பார்த்துவிட்டு "பாலைவனம் ஆண்களின் உலகம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் ஆண்களோடு போனார், அவ்வளவுதான்.

இன்னொரு பிரிட்டிஷ் பயணியான கெர்ட்ரூட் பெல் பெண். சுமார் 7,000 படங்கள், இப்போது நியூகாசில் பல்கலைக்கழகத்தில். 1914-ன் தொடக்கத்தில் வடக்கு அரேபியாவின் ஹாயில் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார், ஏறக்குறைய பதினோரு நாள் வெளியே போக விடாமல் நிறுத்திவைத்தார்கள். ஆட்சியாளர் இப்னு ரஷீத் படையெடுப்புக்குப் போயிருந்தார். ஊரில் பணப்பெட்டி அவருடைய பாட்டி ஃபாத்திமாவின் கையில் இருந்தது. பெல்லுக்குச் சேர வேண்டிய பணமும் அந்தப் பாட்டி மனது வைத்தால்தான். அங்கே பெல்லோடு பேசிக்கொண்டிருந்தவள் துர்க்கிய்யா என்ற சர்க்காசியப் (காகசஸ் மலைப்பகுதி இனத்துப்) பெண். இஸ்தான்புல் சுல்தானிடமிருந்து முந்தைய ஆட்சியாளர் ஒருவருக்கு அன்பளிப்பாக வந்தவள். ஆமாம், அன்பளிப்பாக. பெல் அவளைப் படம் எடுத்திருக்கிறார். ஊரை ஆட்டிவைத்த பாட்டியை நாம் எழுத்தில்தான் அறிகிறோம், பரிசுப் பொருளாக வந்தவளின் முகம் படமாக இருக்கிறது. இந்தக் காலப் படங்களின் ஓரங்களில் தண்ணீர் சுமந்தும் தட்டு ஏந்தியும் பெயரில்லாமல் நிற்கிற கறுப்பினப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். சவுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1962-ல்தான். தலைப்புகளில் அவர்கள் வெறும் "பணிப்பெண்கள்".

இதில் ஒரு வேடிக்கை. பெல் பெண்கள் பகுதிக்கு உள்ளே போக முடிந்தவர், ஆனால் உள்ளே இருப்பதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. இடிபாடுகளும் ஷேக்குகளும்தான் அவர் தேடல். இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் அவர்.

அந்த வகையில் குவைத்தில் வாழ்ந்த டிக்சன் என்ற பிரிட்டிஷ் தம்பதியை நான் மேலே வைப்பேன். 1929-ல் வந்தார்கள். கணவர் ஹாரல்ட் பெய்ரூத்தில் பிறந்து, குழந்தையில் பதூ செவிலித்தாயிடம் பால் குடித்தவர். அதனால் அனஸா என்ற பதூ குலத்தோடு தனக்குப் பால் உறவு உண்டு என்று கொண்டாடினார். அங்கே அது விளையாட்டுச் சொல் இல்லை, பாலுக்கும் உறவுமுறை உண்டு. 1949-ல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் கூடாரத்தின் ஒவ்வொரு கயிற்றுக்கும் பட்டைக்கும் பெயர் இருக்கிறது. ஒரு ஆணாக அவர் பார்த்திருக்க முடியாத பல விஷயங்கள் மனைவி வயலெட் மூலமாக வந்தவை என்றுதான் நினைக்கிறேன். வயலெட் பதூ பெண்களோடு உட்கார்ந்தார், செடிகளைச் சேகரித்தார், ஒரு பாலைவனச் செடியின் தாவரவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. 1990-ல் இராக் படை நுழையும்வரை குவைத்திலேயே இருந்தார். கடற்கரைச் சாலையில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் உண்டு. குவைத்தில் இருக்கிற நம்மவர்கள் பலர் அதைத் தினமும் கடந்து போகிறார்கள்.

உங்கள் பகுதிக்கு வருகிறேன். அமீரகத்தில் எண்ணெய்க்கு முந்தைய காலப் படங்கள் என்றால் ரொனால்ட் காட்ரை. எண்ணெய் நிறுவன வேலையாக 1948-ல் வந்தவர். அவரும் ஆண்தான், அதற்கேற்ற குறை உண்டு. இந்தக் கரையோரப் படங்களில் பெண்களின் முகமூடி உங்களைக் குழப்பும். உலோகத் தகடு மாதிரி மினுங்கும். தோலோ உலோகமோ என்று பயணிகள் பலர் நினைத்தார்கள். அது பருத்தித் துணி. அவுரி நீலத்தில் முக்கி, அடித்து மெருகேற்றியது. மூக்கின் மேல் விறைப்பாக நிற்பதற்கு ஒரு குச்சி. அந்தத் துணி எங்கிருந்து வந்தது தெரியுமா? பம்பாயிலிருந்து. நீலம் கன்னத்தில் ஒட்டும், அது தோலுக்கு நல்லது என்று பெண்கள் நம்பினார்கள். "வெளியுலகமே தெரியாத பாலைவனப் பெண்" என்று தலைப்பிட்ட படத்தில், அவள் முகத்திலேயே ஒரு கப்பல் வழி இருக்கிறது.

பாலைவனம் என்றாலே முகத்திரை என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். சஹாராவின் துவாரெக் மக்களிடம் முகத்தை மூடுவது ஆண்கள், பெண்கள் திறந்த முகத்தோடு இருப்பார்கள். கூடாரம் பெண்ணின் சொத்து, கல்யாணத்தின்போது தாய்வீட்டிலிருந்து அவளோடு வரும். மணமுறிவு என்றால் வெளியே போக வேண்டியவன் அவன்தான்.

கட்டாயப்படுத்தி எடுத்த படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ல், அல்ஜீரிய விடுதலைப் போரின்போது, மார்க் கராங்ஜே என்ற 25 வயதுப் பிரெஞ்சுச் சிப்பாய்க்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். பத்து நாளில் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள். முக்காட்டை விலக்க உத்தரவு. இது வடக்கே மலைக் கிராமங்களில் நடந்தது, பாலைவனம் அல்ல. இருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தபால் அட்டையில் சிரிக்கிற பெண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த அடையாளப் படங்களில் கேமராவை எரித்துவிடுவது போல முறைக்கிற கிழவிகளைப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். "என்னைப் படம் எடுக்காதே" என்று ஒரு பெண் நினைத்ததும் படத்தில் பதியும்.

தேடும்போது ஒரு சின்ன யோசனை. ஆங்கிலத்தில் "பதூ பெண்" என்று மட்டும் போட்டால் அழகிகள்தான் வரிசையாக வருவார்கள். வேலையின் பெயரையோ கருவியின் பெயரையோ சேர்த்துப் போடுங்கள்: நெசவு, தறி, வெண்ணெய், திருகை, கூடாரம். படம் நூலகத்தின் தளத்தில் இருந்தால் எண், எடுத்த காலம், எடுத்தவர் எல்லாம் கூடவே இருக்கும். அது எதுவும் இல்லாமல் ஒற்றை வரித் தலைப்போடு வருகிற படத்தை நான் சட்டை செய்வதில்லை.

அடுத்த முறை குவைத் பக்கம் போனால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாது இல்லத்துக்குப் போய் வாருங்கள். சாது என்பது பதூ பெண்களின் நெசவு. குவைத்தும் சவுதியும் சேர்ந்து கேட்டு 2020-ல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது, அமீரகத்தின் சாது 2011-லேயே சேர்ந்துவிட்டது. தறி என்று நாம் நினைக்கிற சட்டம் எதுவும் இருக்காது. தரையில் நாலு முளை அடித்து, பாவு நூலை அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டி, நெய்தவரைக்கும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு முன்னேறுவாள். இடம் மாற வேண்டுமென்றால் முளையைப் பிடுங்கிச் சுருட்டி ஒட்டகத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆட்டுமயிர் மழையில் நனைந்தால் உப்பி இழை இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், கூடாரம் ஒழுகாது. பூவேலை எல்லாம் அந்த நடுத்திரையில்தான். அழகான பக்கம் ஆண்களின் பகுதியைப் பார்த்துத் தொங்கும். நெய்தவள் முகம் காட்டாமலே தன் கைவேலையை விருந்தாளிக்குக் காட்டுவது அப்படித்தான்.

அதைப் பார்த்துவிட்டு வந்து மேட்சன் தொகுப்பில் தரைத்தறிப் படங்களை மறுபடி திறந்து பாருங்கள். நெய்கிறவளின் முழங்காலருகே வளைந்த கறுப்புப் பொருள் ஒன்று கிடந்தால் பெரிதாக்குங்கள். மான் கொம்பாக இருக்கும். ஊடையை அதன் முனையால்தான் இழுத்து இறுக்குவார்கள். எத்தனையோ வருடம் கை பட்டுப் பட்டு, பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும்.